அளவு ரவிக்கை

நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகளை இறக்குவதற்காகப் பரணிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது, அந்துருண்டையின் நெடி முகத்தில் வந்து மோதியதோடு, பொம்மைகளைச் சுற்றியிருந்த பழைய வேட்டித் துண்டுகளுக்கு அடியில், பாவாடை நாடாவால் கட்டிய ஒரு சிறு மூட்டையும் அகப்பட்டது. அவிழ்த்துப் பார்த்தேன். கலியாணமாகி வந்த காலந்தொட்டு நான் தையற்காரரிடம் அளவுக்காகக் கொடுத்து வாங்கிய ரவிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்நாளில் குடும்பப் பெண்கள் தையற்கடையில் நின்று உடம்பில் அளவு நாடா வைத்துப் பார்க்க இடங்கொடுக்கும் வழக்கம் எங்கள் மதுரையில் இல்லை. நன்றாகப் பொருந்திய ரவிக்கை ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, “இதே அளவு” என்று சொல்லிவிட்டு வருவதுதான் சம்பிரதாயம். ஆகையால் ஒவ்வொரு வீட்டிலும் அளவு ரவிக்கை என்று ஒன்று பத்திரமாக இருக்கும். அதைச் சாதாரண நாளில் உடுத்த மாட்டார்கள்.

அந்த மூட்டையிலிருந்த ரவிக்கைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால், ஒரு ஸ்திரீயின் சரீரம் முப்பது, நாற்பது வருஷத்தில் எவ்விதம் மாறி வந்ததென்பதை எவரும் வாசித்துவிடலாம். அடியில் கிடந்த ரோஜா நிற ரவிக்கை ஒரு சிறுமியினுடையது போலிருந்தது. அதற்கு மேலிருந்ததில் பக்கத் தையல் ஒருமுறை பிரிக்கப்பட்டு, வெயிலும் தண்ணீரும் படாமல் உள்ளே மடிந்திருந்த துணி, பழைய நிறம் மாறாமல் ஒரு கோடாக வெளியே தெரிந்தது. அது என் மூத்த மகன் பிறந்த பிறகு. அடுத்ததில் இரண்டு கோடுகள். இப்படியே ஏறி வந்து, நாற்பத்தைந்து பிராயத்தைத் தாண்டிய காலத்து மாந்தளிர் நிற ரவிக்கையில் பிரிப்பதற்கு மேற்கொண்டு துணி இல்லாமல், தையல் துணியின் ஓரத்தையே தொட்டு நின்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த என் மகள், “இதையெல்லாம் எதுக்கும்மா இத்தனை நாள் வச்சிருக்கீங்க? எறிஞ்சிடலாமே” என்றாள். எறிவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நடுவயதில் இடை பருத்து வயிறு முன்வந்த பெண்ணொருத்தி தன் உடையை எப்படித் திருத்திக்கொள்ள வேண்டுமென்பதை எனக்குச் சொல்லித் தந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தையல்களில்தான் இருக்கிறார்கள்.

நான் சிறுமியாயிருந்தபோது, நடுப்பிராயத்து ஸ்திரீகளின் பருத்த இடை ஒரு குறையாகப் பேசப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. குழந்தைகளைப் பெற்று, சம்பந்திகளைச் சம்பாதித்து, சாவிக்கொத்தை இடையில் செருகிக்கொண்டு நடமாடும் பெண்மணிக்கு அந்தச் சதை ஒரு பதவியைப் போல வந்து சேர்ந்தது. எங்கள் அத்தைப்பாட்டி கடைசிவரையில் 18 முழப் புடவைதான் உடுத்தினாள். ஒன்பது கஜமும் உடம்பைச் சுற்றி, கால்களுக்கிடையில் வாங்கி, மீண்டும் இடையில் வந்து சேர்ந்த பிறகு, வயிறு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்பதே தெரியாது. அடுக்கடுக்கான மடிப்புகளுக்குள் அது கௌரவமாக அமர்ந்திருக்கும். அவள் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் குனிந்து கோலமிட்டாலும் புடவை எங்கும் இழுபடாது, எங்கும் இறுகாது. தைக்கப்பட்ட உடைக்கு உடம்பு பணிந்து போக வேண்டும். தைக்காத அந்த வஸ்திரமோ தினமும் காலையில் அன்றைய உடம்புக்குத் தக்கபடி புதிதாகக் கட்டப்பட்டது. பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விரற்கடை தளர்த்திக்கொள்வதற்கும் அதில் இடமிருந்தது.

எங்கள் சந்தில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஆச்சி ஒருவர் இருந்தார். நல்ல உயரம், நல்ல பருமன். செங்கல் நிறத்திலும் மிளகாய்ப்பழ நிறத்திலும் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையை, கொசுவம் பின்புறம் வரும்படியாக அவர் கட்டுவார். அந்தக் காலத்துக் கண்டாங்கி அகலம் குறைந்தது. கணைக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். இப்போது புவிசார் குறியீடு பெற்று (2019ஆம் வருஷத்தில் கிடைத்தது) நகரத்துக் கடைகளில் மதிப்போடு விற்கப்படும் கண்டாங்கி, நாகரிகப் பெண்களுக்காக அகலம் கூட்டி நெய்யப்படுகிறது. ஆச்சி கட்டியது உழைப்பதற்கும் நடப்பதற்கும் ஏற்ற பழைய தினுசு. பின்கொசுவத்தின் விசேஷம் என்னவென்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. என் வயிற்றுக்கு முன்னால் ஏழெட்டு மடிப்புகளைத் திரட்டிச் செருகிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற வயதில்தான் புரிந்தது. மடிப்பின் கனமெல்லாம் முதுகுப்புறம் போய்விடுவதால், முன்பக்கம் துணி ஒரே பரப்பாகப் படிந்து, உள்ள வயிறு உள்ளபடியே இருக்கும். அதன்மேல் இன்னொரு வயிற்றைத் துணியால் கட்டியது போல் ஆகாது. நெல் குத்தவும் நாற்று நடவும் வசதிக்காக ஏற்பட்டதென்று பெரியவர்கள் சொல்லும் அந்தக் கட்டு, நடுவயதுப் பெண்ணுக்கு அழகும் தந்ததென்பது என் அபிப்பிராயம்.

என் தலைமுறை ஆறு கஜத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக வேலைக்குப் போகத் தொடங்கியவளுக்கு வேறு உடை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆறு கஜத்தோடு இறுக்கமான ரவிக்கையும், நாடா வைத்த உள்பாவாடையும், முன்கொசுவமும் சேர்ந்து வந்தன. சிற்றிடைப் பெண்ணுக்கு இவை மூன்றும் வெகு லட்சணமாக இருக்கும். ஆனால் நாற்பதைக் கடந்த சரீரத்தில், ரவிக்கை முடியும் இடத்துக்கும் புடவை தொடங்கும் இடத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி என்பது அந்தச் சரீரம் எங்கே மிகவும் மாறியிருக்கிறதோ அங்கேயே சாளரம் வைத்தது போலாகிவிடுகிறது. எனக்கு இது உறைத்தது வகுப்பறையில்தான். கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதற்கு வலது கையைத் தூக்கினால் ரவிக்கை மேலே ஏறும், தலைப்பு விலகும். முதுகுக்குப் பின்னால் நாற்பது பெண்குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் சிரித்ததாக நான் சொல்லவில்லை. ஆயினும் இடது கையால் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே இலக்கணம் நடத்துகிறவளுக்குப் பாடத்தில் பாதி சிரத்தைதான் மிஞ்சும். சக ஆசிரியைகள் பலரும் இதே அவஸ்தையில் இருந்தார்கள். எவரும் எவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த நிலையில்தான் மாந்தளிர் ரவிக்கையை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை புதுமண்டபத்துக்குப் போனேன். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வசந்தோற்சவத்துக்காகக் கட்டுவித்த அந்தக் கல்மண்டபத்தை அக்காலத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சிற்பத் தூண்களுக்கு நடுவே வளையற்கடைகள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள். அவற்றுக்கிடையே வரிசையாகத் தையல் இயந்திரங்கள். யாளியும் குதிரை வீரனும் பாய்ந்து நிற்கும் தூணின் அடியில் ஒருவர் கால்களால் மிதித்துக்கொண்டிருப்பார்; மேலே கொடிக்கயிற்றில் தைத்து முடித்த பாவாடைகள் ஆடிக்கொண்டிருக்கும். எனக்குத் தைத்துக் கொடுத்த பாய் அங்கே ஒரு தூணடியில் இருந்தார். சித்திரை மாதம் வந்துவிட்டால் ரவிக்கை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழாவுக்கு வேண்டுதல் செய்துகொண்டு வேடம் தரிப்பவர்களின் குல்லாயும் உடுப்பும் தைத்துத் தருவதிலேயே இரவு பகலாக மூழ்கிவிடுவார். அந்த மண்டபத்து முஸ்லிம் தையற்காரர்கள் பலர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த வேலை அது.

பாய் ரவிக்கையை வாங்கி உட்புறமாகத் திருப்பி, பக்கத் தையலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அம்மா, கோவிச்சுக்கக் கூடாது. இதுல பிரிக்கிறதுக்கு இனிமே உள்ளே துணி இல்லை. இதையே வச்சுத் தச்சா உங்களுக்கு மூச்சு முட்டும், கை தூக்கினா அக்குள்ள கிழிஞ்சிரும். புது அளவு எடுத்துருவோம். சாயங்காலமா வீட்டுப் பக்கம் வாங்க, எம் மக எடுப்பா.”

அவர் உள்ளே போய் நூற்கண்டு தேடிக்கொண்டிருந்தபோது நான் சும்மா நின்று மண்டபத் தூண்களைப் பார்த்தேன். நாயக்க மன்னர்களின் உருவச் சிலைகள் அங்கே நிற்கின்றன. திருமலை நாயக்கரும் தம் தேவிமார்களோடு நிற்கிறார். கைகூப்பிய அந்த மன்னருடைய வயிற்றைச் சிற்பி ஒளிக்கவில்லை. உருண்டு முன்வந்த வயிறு, அதற்குக் கீழே வேலைப்பாடுள்ள கச்சை, அதிலிருந்து தொங்கும் கொசுவ மடிப்புகள். எல்லாம் அந்தப் பருமனுக்கு ஏற்ற விஸ்தீரணத்தோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆடை அந்த உடம்பின் அளவை அறிந்து அமைந்திருப்பதால்தான் அத்தனை கம்பீரம். எத்தனையோ முறை அவ்வழியே போயிருந்தும், அன்றைக்குத்தான் அந்தச் சிலையை நான் நன்றாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

காஜிமார் தெருப் பக்கம் ஒரு மாடி வீட்டில் பாயின் மகள் அளவு எடுத்தாள். இருபது வயதிருக்கும். மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோள், கை, இறக்கம் என்று நாடாவை வைத்து வைத்து எடுத்தவள், எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். சத்தமாகச் சொன்னால் நானே எழுதித் தருகிறேனே என்றதற்கு, “வேணாம்மா, பொம்பளையாளுக அளவை வாயால சொல்லக் கூடாதுன்னு அத்தா சொல்லியிருக்காக” என்றாள். பக்கத்து அறையில் விருந்தாளிகள் இருந்தார்கள். அத்தனை வருஷத்தில் என் சரீரத்துக்குக் காட்டப்பட்ட மரியாதைகளில் அதற்கு நிகராக இன்னொன்றை நான் சொல்ல மாட்டேன். பிறகு என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, இடையளவை இன்னொரு தரம் எடுத்தாள். “நிக்கிறப்ப ஒரு அளவு, உக்காந்தா ஒரு அளவு. ரெண்டுக்கும் நடுவுல வச்சுத் தைக்கணும்” என்றாள். நடுவயதுப் பெண்ணின் வயிறு உட்காரும்போது அகன்று மேலேறுகிறது. நின்ற அளவுக்கே தைத்த ரவிக்கையின் கடைசிக் கொக்கி உட்கார்ந்த கணத்தில் இழுபட்டுப் பிளவு காட்டுவது அதனால்தான். இன்றைக்கும் அளவெடுக்கிற பல இடங்களில் உட்காரச் சொல்லுவதில்லை.

அந்த அளவுக்கு பாய் தைத்துக் கொடுத்த ரவிக்கை வாயில் துணியில் கருநீலம். இறக்கம் பழையதைவிட இரண்டு அங்குலம் கூடுதல். மார்புக்குக் கீழே டக்கு பிடித்து, அதற்கும் கீழே அகலமான பட்டி வைத்து, பட்டியின் இரு பக்கத்திலும் சிறு வெட்டு விட்டிருந்தார். கையைத் தூக்கினாலும் ரவிக்கை மேலே ஏறாமல் அந்த வெட்டு விரிந்து கொடுக்கும். கையை முழங்கைக்கு ஓரங்குலம் மேலே நிறுத்தியிருந்தார். முழங்கைக்குக் கீழே இறக்கித் தைக்கக் கேட்டிருந்தேன்; அவர் சம்மதிக்கவில்லை. கை தொங்கும்போது அந்த விளிம்பு இடைக்கு நேராக வந்து நிற்கும், பார்ப்பவர் கண் அங்கேயே போகும் என்றார். கழுத்து சற்று இறக்கமாக, அகலமாக இருந்தது. அது முகத்தையும் தோளையும் முன்னே கொண்டுவந்தது. பக்கத்தில் இரண்டு விரற்கடைத் துணி உள்ளே விட்டிருந்தார். திங்கட்கிழமை அதை அணிந்துகொண்டு கரும்பலகையின் உச்சி வரியிலிருந்து எழுதினேன். இடது கை சும்மா தொங்கிற்று.

ரவிக்கைக்குச் சொன்ன விஷயம் உள்பாவாடைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆனால் உள்பாவாடையைப் பற்றிப் பேசுவதற்குப் பெண்களே கூசுகிறார்கள். நாங்கள் உடுத்திய பழைய தினுசுப் பாவாடை, இரண்டு கஜத் துணியை நேராகத் தைத்து, மேல்புறம் மடித்து நாடா கோத்தது. நாடாவை இழுத்துக் கட்டும்போது துணியெல்லாம் சுருங்கி வயிற்றைச் சுற்றி ஒரு கனமான வளையமாகிவிடும். அதன்மேல் புடவைச் சுற்று, அதன்மேல் கொசுவம். வயிற்றின் பருமனில் ஒரு பங்கு துணியினுடையதே. துண்டு துண்டாக வெட்டி, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் சேர்த்துத் தைத்த பாவாடையில் இந்தச் சுருக்கம் கிடையாது. இடையில் தட்டையாகப் படிந்து, காலடியில் வேண்டிய விரிவைத் தரும். மெல்லிய நாடாவுக்குப் பதிலாக இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துக்கொண்டால் இடையும் அறுபடாது.

அறுபடுவதென்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. என் அம்மாவின் இடையில் நாடா பதிந்த இடம் கறுத்துத் தடித்து, கோடையில் புண்ணாகிவிடும். அவள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் அதே இடத்தில் கட்டுவாள். பம்பாயில் டாக்டர் கானோல்கரும் அவருடைய சகாவும் 1945இலேயே, வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் நாட்பட்ட உராய்வினால் தோலில் புற்று தோன்றுவதைப் பற்றி எழுதினார்கள். பிற்காலத்து வைத்தியர்கள் புடவைப் பாவாடையின் நாடா அழுத்தும் இடத்திலும் அதே வியாதியைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். வெகு அபூர்வமாக வருவதுதான். ஆயினும் வயிற்றை உள்ளே தள்ளுவதாக எண்ணி நாடாவை இறுக்குகிற சகோதரிகளுக்கு இதைச் சொல்லாமலிருக்க எனக்குத் தைரியமில்லை. இறுக்கிய இடத்துக்கு மேலும் கீழும் சதை பிதுங்குமே ஒழிய, வயிறு எங்கும் போய்விடாது.

வயிறு ஏன் வந்தது என்று கேட்டு மனம் வருந்துகிறவர்கள் உண்டு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புக் குறைவதால், அதுவரை தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறதென்று எனக்கு வைத்தியம் பார்த்த பெண் டாக்டர் பொறுமையாக விளக்கினார். பிரசவங்களில் விலகிய வயிற்றுத் தசைகள் சிலருக்குப் பழையபடி நெருங்குவதுமில்லை. அவரும் அளவு நாடா ஒன்று வைத்திருந்தார். நம் நாட்டுப் பெண்களுக்கு இடைச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேலும், ஆண்களுக்கு 90க்கு மேலும் போனால் சர்க்கரை வியாதி, இருதய வியாதி ஆகியவற்றின் பயம் கூடுகிறதென்று சொல்லி, நடக்கச் சொன்னார். நடந்தேன், இன்றும் நடக்கிறேன். அந்த நாடா சொல்லும் சேதி வேறு, தையற்காரர் நாடா சொல்லும் சேதி வேறு. இளைத்த பிறகு நல்ல உடை உடுத்திக்கொள்ளலாமென்று பத்து வருஷத்தை ஒத்திப்போட்ட பெண்கள் எனக்குத் தெரியும். அந்தப் பத்து வருஷமும் அவர்கள் குழந்தைகளின் கலியாணத்தில் நின்றார்கள், புகைப்படத்தில் பின்வரிசையில் ஒதுங்கினார்கள். அது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது.

துணி தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியத்தை நான் கற்றுக்கொண்டது கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையத்தில். 1935இல் கைத்தறி நெசவாளர்களுக்காக ஏற்பட்ட அந்தக் கூட்டுறவு ஸ்தாபனத்தின் கடையொன்றில், என் வயதையொத்த, என்னைப் போலவே பருத்த ஓர் அம்மாள் புடவைகளை விரித்துக் காட்டுவார். நான் கஞ்சி போட்ட கல்கத்தாப் பருத்திப் புடவையைக் கையில் எடுத்தால், “இது உங்களை விட்டுத் தள்ளி நிக்குங்க டீச்சர். நமக்கு உடம்போட படியணும், ஆனா ஒட்டக் கூடாது” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. விறைத்து நிற்கும் துணி உடம்புக்கு இரண்டு சுற்று கூட்டும். நைலானும் ஷிபானும் உடம்பின் ஒவ்வொரு மடிப்பையும் ஊருக்குச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில், நாலைந்து முறை துவைத்துப் பதப்பட்ட மதுரைச் சுங்குடி இருக்கிறது. சௌராஷ்டிரப் பெண்மணிகள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து, முடிச்சவிழ்த்தால் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள் பூக்கும் அந்தப் புடவையைப் போல் நடுவயதுக்கு உகந்த வஸ்திரத்தை நான் கண்டதில்லை. புள்ளி சிறிது, ஆகையால் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. துணி மெல்லிது, ஆகையால் கொசுவம் தடிப்பதில்லை.

பட்டிலும் இப்படியே. அகன்ற ஜரிகைக் கரையும் கனத்த உடலும் கொண்ட காஞ்சிப் பட்டு, மணப்பெண்ணுக்குச் செய்யும் உபகாரத்தை மணப்பெண்ணின் தாய்க்குச் செய்வதில்லை. ஒடுங்கிய கரை, ஒரே நிறமாக ஓடும் உடல், ரவிக்கையும் ஏறக்குறைய அதே நிறம் என்றிருந்தால், தோளிலிருந்து பாதம் வரையில் பார்வை தடையின்றி இறங்கும், இடையில் வெட்டுப்படாது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மாள் உடுத்தியதால் எம்.எஸ். நீலம் என்றே பெயர்பெற்ற காஞ்சிப் பட்டு நிறத்தை எங்கள் தலைமுறைப் பெண்கள் ஆசை ஆசையாக வாங்கினோம். பக்தியால் வாங்கியவர்களே அநேகர். ஆனால் அந்த ஆழ்ந்த நிறம் எங்கள் பிராயத்துச் சரீரங்களுக்கும் அனுகூலமாக இருந்ததென்பதைக் கட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

கட்டும் விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். புடவையைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் வயிறு அதன்மேல் வந்து உட்காரும்; தொப்புளுக்கு நேராகவோ ஒரு விரல் மேலேயோ கட்டினால் வயிறு புடவைக்குள் அடங்கும். கொசுவ மடிப்புகளைக் குறைத்து அகலமாக எடுத்து, நடு வயிற்றில் செருகாமல் சற்றே இடப்பக்கம் தள்ளித் தட்டையாகச் செருக வேண்டும். தலைப்பை ஒடுக்கி மடித்துத் தோளில் ஊக்குக் குத்தினால் பக்கவாட்டு இடை முழுவதும் தெரியும். ஒற்றையாக விரித்துக் கைமேல் விட்டால் அதுவே ஒரு திரையாகிக் காப்பாற்றும். வேலை செய்யும் இடத்தில் விரித்த தலைப்பு உதவாதென்றால், மடிப்புகளை அகலமாக எடுத்து, முதல் மடிப்பைத் தளர விட்டுக் குத்திக்கொள்ளலாம். புடவையின் அடியோரத்தில் பருத்தித் துணிப்பட்டை வைத்து ஃபால்ஸ் அடிக்கும் வழக்கம் வந்த பிறகு, அந்தக் கனத்தினால் கொசுவம் நேராக இறங்கி நிற்கிறது. இது எங்கள் அம்மாக்களுக்குக் கிட்டாத சௌகரியம்.

ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லையென்று சொல்லுவார்கள். என் கணவர் காரியாலயத்துக்கு முழுக்கால்சட்டை அணிந்தவர். ஐம்பது வயதில் வயிற்றுக்குக் கீழே இடைவாரை இறக்கி இறக்கிக் கட்டி, ஒவ்வொரு படியேறும்போதும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பாய் அவருக்கு முன்புறம் இரண்டு மடிப்பு வைத்து, இடைவார் தொப்புள் மட்டத்தில் நிற்கும்படியாகத் தைத்து, பின் தையலில் தாராளமாகத் துணி விட்டுக் கொடுத்தார்; அதன்பிறகு அவர் நடையே நிமிர்ந்தது. வீட்டில் 8 முழ வேட்டிக்குத் திரும்பினால் அவருக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை.

இப்போது புதுமண்டபத்தில் தையல் இயந்திரங்கள் இல்லை. மண்டபத்தைப் பழையபடி காலியாக்கிக் காப்பதற்காகக் கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதுதான். பாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய மகள் வேறு ஊரில் தானே தையற்கூடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். என் மகள் வயதுப் பெண்கள் சுடிதார் அணிந்து வேலைக்குப் போகிறார்கள்; அரசு ஊழியர்களுக்கே 2019ஆம் வருஷத்து ஆணை துப்பட்டாவோடு கூடிய அந்த உடையைத் தெளிவாக அனுமதித்திருக்கிறது. தோளிலிருந்து முழங்கால் வரையில் தடையின்றி இறங்கும் அந்த நீண்ட மேற்சட்டை, பக்க வெட்டு இடுப்பெலும்புக்குக் கீழே தொடங்குமானால், நடுவயதுக்கு வெகு நேர்த்தியாக அமையும். வீட்டுக்குள் நைட்டி வந்து ஸ்திரப்பட்டுவிட்டது. அடுப்படியில் வியர்க்க நிற்பவளுக்கு அது தரும் காற்றோட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பருத்துவிட்டோம், இனி நமக்கு எது கட்டினாலென்ன என்ற விரக்தியினால் ஒருத்தி நாள் முழுவதும் அதிலேயே இருந்துவிடுவாளானால், அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒரு நல்ல புடவை கட்டிவிட எனக்குத் தோன்றுகிறது.

தையற்காரர்களால் தீராத குறை ஒன்று பாக்கியிருக்கிறது. 1956ஆம் வருஷத்துச் சட்டத்தால் கஜம் போய் மீட்டர் வந்தது. ஆறு கஜம் என்பது ஐந்தரை மீட்டராயிற்று. கூடவே ரவிக்கைக்கென்று 80 சென்டிமீட்டர் துண்டு விட்டு நெய்கிறார்கள். இளம்பெண்ணுக்கு அது போதும். இறக்கமும் கையும் கூட்டி, பட்டி வைத்து, பக்கத்தில் துணி விட்டுத் தைக்க வேண்டிய ஐம்பது வயதுப் பெண்ணுக்குப் போதாது. ஒரு மீட்டர் வேண்டும். புடவையும் அவளுடைய இடையை ஒருமுறை சுற்றியதும் கொசுவத்துக்கும் தலைப்புக்கும் குறைந்துபோகிறது. அதனால் பலர் ரவிக்கைத் துண்டை வெட்டாமலே புடவையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ரவிக்கைக்கு வேறு துணி தேடி அலைகிறார்கள். புடவைக்குப் பணம் கொடுத்து வாங்குகிறவர்களில் பெரும்பகுதி நடுவயதுப் பெண்களே என்பதை ஜவுளிக் கடைக்காரர்கள் அறியாதவர்களல்லர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கடைக்காரர்களும் நெசவு ரகங்களில் ஒரு பங்கையாவது ஆறு மீட்டர் உடலும் ஒரு மீட்டர் ரவிக்கைத் துண்டுமாக நெய்வித்து விற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அதற்காகும் நூலின் விலையைக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்ள நாங்கள் தயாராக இருக்கிறோம்.